ஆறாவது எபிசோட் வரை

ஜூன் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். புது வீடு பழகிவிட்டது. பையனுக்குச் சளி விட்டது. என் முழங்கால்தான் படியைக் கண்டால் முறைக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படியேறுகிற வேலைதான் அதிகம் என்றால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். உன் தலைவலி எப்படி? கண்ணாடி மாற்றினாயா?

விஷயத்துக்கு வருகிறேன். 'மூன்றாவது மணி' என்று ஒரு தொடர் டிவியில் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பேய். பதின்மூன்று வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது. பெரியவளுக்குப் போன மாதம் பதின்மூன்று முடிந்தது. "அப்பா, கிளாஸ்ல எல்லாரும் அதைப் பத்தியே பேசறாங்க, நான் மட்டும் பேன்னு முழிக்கறேன்" என்கிறாள். ஏழு வயசுப் பொடியன் அவளுக்குப் பக்கவாத்தியம்.

நீ அதைத் தமிழில் டப்பிங் செய்த ஸ்டுடியோவிலேயே வேலை பார்க்கிறவள். பிள்ளைகளுக்கு ஏற்றதா இல்லையா என்று உள்ளது உள்ளபடி எழுது. எத்தனை ரத்தம், எத்தனை முத்தம், தூக்கத்தில் அலறுவார்களா, அதெல்லாம். உன் அக்கா அதில் ஒரு வேடத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். அதை நீ சேர்த்துக்கொள்ள வேண்டாம். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். அதைக் கெடுக்கக்கூடாது என்று பார்க்கிறேன்.

போன் வேண்டாம். எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அத்தான்


ஜூன் 15

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வீறாப்பு வேண்டாம். தலைவலி என்னோடு சேர்ந்து சம்பளம் வாங்காத குறையாக வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி மாற்றவில்லை.

போனில் என்றால் இது ஐந்து நிமிஷப் பேச்சு. நீங்கள் ஏன் என் போனை எடுப்பதில்லை என்று தெரியும். அக்காவும் நானும் பேசினால் எங்கள் அம்மாவுக்கே யார் என்று தெரியாது. அதற்கு நான் என்ன செய்ய? சரி, எழுதுகிறேன்.

மொத்தம் பத்து எபிசோட். ரத்தம் இரண்டில், அதிலும் பாதி சிவப்பு மை. முத்தம் மூன்று, மூன்றுமே பஸ் பிடிக்கப் போகிற அவசரத்தில். கெட்ட வார்த்தைகளை நாங்களே தமிழில் குளிப்பாட்டித் துவட்டி அனுப்பிவிட்டோம். பதினாறு வயசுப் பெண் ஒருத்தியின் கண்ணுக்கு இறந்தவர்கள் தெரிகிறார்கள். அவளுடைய அம்மாவும் அதில் ஒருத்தி. பள்ளிக்கூட லேபில் இருக்கிறாள். அந்த அம்மாவுக்குத்தான் அக்கா குரல் கொடுத்தாள். சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்கிறீர்கள். பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பார்களா?

பெரியவளுக்கு ஆறாவது எபிசோட் வரை தாராளமாகக் காட்டலாம். ஏழிலிருந்து பத்து வரை வேண்டாம். அது கொஞ்சம் வேறு மாதிரி. சின்னவனுக்கு எதுவுமே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அதுவும் அவசர முத்தம்தான், ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள்.
சிட்டு


ஜூலை 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீ சொன்ன ஒத்தடம் கொடுத்தேன், கால் பொசுங்கியதுதான் மிச்சம்.

தொடர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று படம் காட்டினால் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு லிஃப்டில் சந்தேகம் இருந்தால் 'பழுது' என்று போர்டு மாட்டிவிட்டுத்தான் மற்ற பேச்சு. பெரியவள் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேச வேண்டியதை ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டுகிறாள். 'பால் இல்லை' என்று ஒரு சீட்டு. 'எனக்கு எதுவும் இல்லை' என்று இன்னொன்று.

நேற்று பையன் ஒன்று கேட்டான். "அம்மா என்னை எப்படிப்பா கூப்பிடுவாங்க?" கூப்பிடுகிற பேரைச் சொன்னேன். "பேர் தெரியும்பா. எப்படி கூப்பிடுவாங்க?" என்றான். எனக்குச் சொல்லிக் காட்டத் தெரியவில்லை. அவனுக்குக் குரல் மறந்துவிட்டது.

என் போன் போன வருஷம் லிஃப்ட் குழியில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. அவளுடைய போனை நானே அழித்தேன். காரியம் முடிந்த ஐந்தாம் நாள், சும்மா கிடக்கிறதே, பெரியவளுக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். என்ன அவசரம் எனக்கு? உன்னிடம் அவள் பேசினது ஏதாவது இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அத்தான்


ஜூலை 10

அன்புள்ள அத்தானுக்கு,

கால் புண் ஆறியதா? மருந்து போடுங்கள்.

என்னிடம் எதுவும் இல்லை. பக்கத்து மைக்கில் நிற்கிறவளுக்கு எதற்குக் குரல் அனுப்ப வேண்டும்? 'டீ வாங்கி வை' என்று எழுதி அனுப்பியதெல்லாம் இருக்கிறது. மற்றப் படங்களில் தேடலாம் என்றால், எட்டு வருஷமும் இரண்டு பேரும் கூட்டத்தில் நின்று "தீ! தீ! ஓடுங்க!" என்று கத்தியதுதான். அவளுக்குக் கிடைத்த முதல் முழு வேடம் இந்தப் பேய்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும் என்று சிரித்தாள்.

ஆகையால் அவள் குரல் இந்த உலகத்தில் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பயப்படுவது பிள்ளைகள் இல்லை, நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் பயம்தான்.

காட்டுங்கள். ஆறு வரை மட்டும். அதற்கு மேல் போகாதீர்கள், இதை நீங்கள் எனக்காகச் செய்ய வேண்டும்.

என்றும் அன்புடன்,
சிட்டு


ஆகஸ்ட் 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். இதை நான் மனசார எழுதி எத்தனையோ நாளாயிற்று.

காட்டினேன். பொடியனுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். துண்டை நாலாக மடித்து அவன் கண்ணில் கட்டிவிட்டேன். பேயைப் பார்க்கக்கூடாது, கேட்கலாம் என்று ஒப்பந்தம். முதல் எபிசோடில் அந்தப் பெண் லேபுக்குள் போகிறாள். இருட்டிலிருந்து, "யூனிஃபார்ம் நனைஞ்சிருக்கே, மாத்திக்கலையா?" என்று கேட்டது. பெரியவள் குஷனைக் கடித்துக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து பையன், "திரும்பப் போடுங்கப்பா" என்றான். அந்த ஒரு வரியை ஒன்பது தடவை போட்டேன்.

ஆறோடு நிறுத்தினேன். ஆனால் உன்னிடம் மறைக்கக்கூடாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், அப்படி என்னதான் இருக்கிறது என்று மீதி நான்கையும் தனியாகப் பார்த்தேன். சிட்டு, ரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ எதற்குத் தடுத்தாய்? பத்தாவதின் கடைசியில் அந்த அம்மா மகளிடம் சொல்லிக்கொண்டு போகிறாள். "என்னைத் தேடாத. தேடினா என்னால போக முடியாது. பசிச்சா சாப்பிடு, தூக்கம் வந்தா தூங்கு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

கடைசிப் பதினோரு நாள் அவள் தொண்டையில் குழாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய குறை என்று யாரிடமும் சொன்னதில்லை. நோய் முற்றுவதற்கு முன்பே பத்தையும் பேசி முடித்துவிட்டேன் என்று அவள் பெருமையாகச் சொன்னபோது, ஏதோ வேலை முடிந்தது என்றுதான் கேட்டுக்கொண்டேன். போகும்போது சொல்ல வேண்டியதை இதில் சொல்லி வைத்திருக்கிறாள். யாரோ எழுதிய வசனம்தான். அவள் வாயால் வந்ததல்லவா? சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். இந்தப் பதினாறு மாதத்தில் முதல் தடவை. சாயங்காலம் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டிவிட்டேன்.

நீ செய்த உபகாரத்தை மறக்கமாட்டேன். தலைவலிக்கு டாக்டரைப் பார்.
அத்தான்


செப்டம்பர் 14

அன்புள்ள சிட்டுவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் ஆறுக்கு மேல் போனதில் கோபமா?

இங்கே நன்றாக இருக்கிறோம். பையனுக்குப் பத்தாவதின் கடைசி வசனம் மனப்பாடம். தினமும் சாயங்காலம் நானும் அவனும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு. மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். அம்மா சொல்லியிருக்கிறாளாம். பெரியவள்தான் அந்த நேரம் பார்த்துத் தன் அறைக்குப் போய்விடுகிறாள். வயசு அப்படி.

இரண்டு வரி எழுதினால் போதும். கவலையாக இருக்கிறது.
அத்தான்


செப்டம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். அப்பாவும் தம்பியும் ரொம்ப நல்லா இருக்காங்க. உங்க விலாசத்தை அப்பா டைரியில பார்த்து எழுதறேன். நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியாது.

சித்தி, ஏழுல இருந்து நீங்கதானே? எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில ஸ்கூல் விட்டு வந்து நான்தானே அம்மா பக்கத்துல இருப்பேன். குழாய் போடறதுக்கு முன்னாடியே அம்மா சொன்னாங்க. "ஆறுதாண்டி முடிச்சேன். மீதிய சித்தி முடிப்பா. அப்பாகிட்ட சொல்லிடாத, நான் முடிச்சிட்டேன்னு நம்பிட்டிருக்கார், அவருக்கு அது ஒரு தெம்பு."

அதனால நானும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. அப்பா இப்பல்லாம் சிரிக்கறார். ஆனா தினமும் பத்தாவது போடும்போது எனக்குக் கோவமா வருது. உங்க மேல இல்ல. எனக்கு அம்மா ஆறோட முடிஞ்சு போச்சு. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் நாலு எபிசோட் அதிகமா அம்மா. ரூமுக்குள்ள போய் காதுல தலகாணிய வெச்சு அமுக்கிக்கறேன்.

கணக்குப் பரீட்சையில ஃபெயில். அதையும் அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

உடம்ப பாத்துக்கோங்க சித்தி.
உங்கள் பெரியவள்


அக்டோபர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இதைப் படித்து முடித்த பிறகும் அதை நம்புங்கள்.

ஏழிலிருந்து பத்து வரை பேசியது அக்கா இல்லை. நான்.

அவளால் ஆறுக்கு மேல் முடியவில்லை. வேலையைப் பாதியில் போட்டவள் என்ற பேர் வேண்டாம், நீ முடி, பேர் என்னுடையதாகவே இருக்கட்டும், அவரிடம் சொல்லாதே என்றாள். குழாய் போட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பத்தாவது எபிசோட் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போனேன். நீங்கள் எழுதினீர்களே அந்த வசனம், ஒரே டேக்கில் ஓகே ஆனது. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கை தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அத்தான். அக்கா அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், இங்கே என் குரல் நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அழுததைக் கெடுக்க மனசு வரவில்லை. அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பெரியவளுக்கு இது முதலிலிருந்தே தெரியும். அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள். உங்களுக்காக வாயை மூடிக்கொண்டு, அறைக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை சுமக்கிற பாரமா இது? அவளைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள்.

சிட்டு


நவம்பர் 25

சிட்டுவுக்கு,

நலம். உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் திட்டு இல்லை.

பெரியவளிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் அழுதோம். கணக்குப் பேப்பரையும் காட்டினாள். அது ஒருவழியாகச் சரியாகிவிடும்.

பையனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இனி இந்த வீட்டில் பொய் வேண்டாம் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். "பத்தாவதுல பேசறது சித்திடா" என்றேன். ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தான். அப்புறம், "அப்ப அம்மா எது?" என்று கேட்டான். முதல் எபிசோடைப் போட்டேன். "யூனிஃபார்ம் நனைஞ்சிருக்கே." அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன்.

எனக்கு உன் குரல்தான் கேட்டது. இரண்டாவதைப் போட்டேன், மூன்றாவதைப் போட்டேன். ஆறு வரை போட்டேன். எல்லாம் நீதான். பதினைந்து வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான், எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அதுவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பையன் அதிலிருந்து டிவி பக்கமே வருவதில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுகிறான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது அவள்தான் என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஒரு வரி, ஒரே ஒரு வரி இருந்தால் எழுது.

அத்தான்


டிசம்பர் 18

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன். நலமா?

தனித்தனியாகப் பதிவு செய்த குரல்களை ஸ்டுடியோவில் தேடச் சொன்னேன். வேலையை ஒப்படைத்ததும் அழித்துவிடுவது வழக்கமாம். இசையோடு கலந்து முடித்ததுதான் இருக்கிறது, உங்கள் வீட்டு டிவியில் வருகிற அதேதான். இன்ஜினியரிடம் கெஞ்சிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கேட்டேன்.

இனி நானும் பொய் சொல்லமாட்டேன். முதல் ஆறு அவளுடையதுதான். ஆனால் அவள் படுத்த பிறகு திருத்தம் வந்தது. அங்கங்கே சில வரிகளை மாற்றிப் பேசச் சொன்னார்கள், நான் பேசினேன். எந்தெந்த வரி என்று குறித்து வைக்கவில்லை. அக்கா மாதிரியே பேச வேண்டும் என்பதுதான் எனக்கு வேலை, அப்படியே பேசித் தொலைத்திருக்கிறேன். இப்போது கேட்டால் எது அவள், எது நான் என்று எனக்கே தெரியவில்லை. 'யூனிஃபார்ம்' வரிக்குக்கூட என்னால் சத்தியம் பண்ண முடியாது.

ஒன்றுக்கு மட்டும் பண்ணுவேன். ஐந்தாவது எபிசோடில் லேப் அலமாரியைத் திறக்கிற காட்சி. அந்த அம்மா நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வசனம் கிடையாது. மூச்சு மட்டும் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. இரண்டு இருமல், ஒரு செருமல். திரும்ப எடுக்கலாம் என்றாள். வாய் தெரியாத காட்சிதானே, பேய்க்கும் சளி பிடிக்கட்டும் என்று இன்ஜினியர் விட்டுவிட்டார். நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதைத் திருத்தம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் இருமவில்லை.

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. இதை அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பையனுக்குக் காட்டுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள்
சிட்டு


ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மேல் வருத்தம் இல்லை. தலைவலி தேவலையா?

நேற்று மத்தியானம் ஐந்தாவதைப் போட்டேன். பெரியவளிடம் மட்டும் விவரம் சொல்லியிருந்தேன். பையனிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போட்டால் நாம் சொன்னதைத்தான் கேட்பான். டிவிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து என் பழைய ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி ஒரு வருஷம் அவள் பகலில் எப்போது தூங்குவாள், எப்போது எழுந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. பையன் போய்ப் போய் எழுப்பிவிடுகிறான் என்று நான்தான் ஒரு சட்டம் போட்டேன். உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டால் மட்டும் கதவைத் திறக்கலாம். அதுவரை கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருப்பான்.

அலமாரிக் காட்சி வந்தது. இரண்டு இருமல், ஒரு செருமல். பையன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "அம்மா முழிச்சிட்டாங்க" என்றான். டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்கு ஓடிக் கதவைத் திறந்தான். இந்தப் புது வீட்டில் அவள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்.

வெகுநேரம் அங்கேயே நின்றான். பெரியவள்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது அவள்தான், சிட்டு. சந்தேகமே இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அத்தான்